மாமியாரும் மருமகளும் உளி பிடித்த வரலாறு

 "மரச்சிற்பத் தொழிலோட வரலாற எழுதிக் குடுங்கக்கா, உங்க வீட்டுக் கதையும் அதுல வரட்டும்" என்று மலர்க் குழுவில் கேட்டார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அரும்பாவூர் பக்கம் ஒரு ஆசாரி வீட்டுக்கு 1994-இல் வாக்கப்பட்டு வந்ததிலிருந்து மரத்தூளுக்கு நடுவேதான் சோறாக்கி, பிள்ளை வளர்த்து இருக்கிறேன். நான் வந்தபோது இது திருச்சி மாவட்டம். மறு வருஷம்தான் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆச்சு. அதனால் தெரிந்ததை எழுதுகிறேன். மரச்சிற்பம் என்று சொன்னாலே ஸ்தபதி, அவர் மகன், அந்த மகனுக்கு மகன் என்று ஆம்பளைப் பேராகவே சொல்லிக்கொண்டு போகிறார்கள். நான் சொல்லப்போகிற வரலாறு அப்படிப் போகாது.

முதலில் ஒரு சங்கதி. தமிழில் தச்சரைப் பற்றிய பழைய பாட்டுகளில் ஒன்றைப் பாடியவர் ஒரு பெண். புறநானூற்றில் 87-ஆம் பாட்டு, ஔவையார் பாடியது. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் ஒருவன், ஒரு மாசம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் அது எப்படி இருக்கும்? அப்பேர்ப்பட்ட வலிமை உள்ளவன் அதியமான் என்று எதிரிகளை எச்சரிக்கிறார். என் மருமகள்தான் இதைப் பள்ளிக்கூடத்தில் படித்ததாகச் சொன்னாள். மாமனாரிடம் சொன்னதும், "அந்தம்மா பட்டறையில நின்னு பாத்திருக்கு. பாக்காம அத எழுத முடியாது" என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. வேகமாகச் செய்கிற வேலைக்கும் பொறுத்துச் செய்கிற வேலைக்கும் உள்ள வித்தியாசம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கல்லில் செய்தது ஆயிரம் வருஷம் நிற்கிறது. மரத்தில் செய்ததைக் கரையான் தின்னும், மழை தின்னும், நெருப்பு தின்னும். திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்தோடு 96 அடி உயரம், 300 டன் எடை. அதற்கு முன்னால் இருந்த தேர் 1926-இல் தீப்பிடித்து எரிந்துபோனது. புதுசாகச் செய்து 1930-இல் ஓட்டினார்கள். கல்கோயில் எரியாது. எரிந்த தேரை மறுபடி செய்ய வேண்டுமானால் அதைச் செய்யத் தெரிந்த கை ஊரில் இருக்க வேண்டும். மரத்தொழிலுக்கு வரலாறு என்பது பொருளில் இல்லை, கையில்தான் இருக்கிறது. ஒரு தலைமுறை கற்றுக்கொள்ளாமல் விட்டால் பார்த்துக் கற்க மிச்சம் ஒன்றும் இருக்காது.

எங்கள் பக்கத்துச் சிற்ப வேலை தேர் வேலையிலிருந்து கிளைத்தது என்று மாமனார் சொல்வார். தேரில் மேலே தெரிகிற துணியும் மூங்கிலும் திருவிழாவுக்கு மட்டும் கட்டுவது. கீழே இருக்கிற மரப்பகுதிதான் நிரந்தரம். அதில் பலகை பலகையாகச் சிற்பம் இருக்கும். அடுத்த முறை தேர் நிலையில் நிற்கும்போது கிட்டப்போய்ப் பாருங்கள். சாமி, யாளி, குதிரை வீரன் மட்டும் இல்லை. ஆடுகிற பெண், குறத்தி, பழைய தேர்கள் சிலவற்றில் நின்றபடி பிள்ளை பெறுகிற பெண்ணும், அவளைத் தாங்கிப் பிடிக்கிற பெண்களும்கூட இருப்பார்கள். அந்தச் சிற்பத்தை முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிரசவத்தைப் பலகையில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பலகையில் உளி வைத்தவர்களில் ஒரு பொம்பளையாவது இருந்திருப்பாளா என்று அன்றைக்கே மனசில் ஒரு கேள்வி.

நாங்கள் பட்டறையில் வேலை செய்யாமல் இருந்தோமா என்றால், அப்படி இல்லை. எங்கள் வீட்டில் என் மாமியாரும் நானும் உப்புத்தாள் தேய்த்தோம். மெழுகு பூசினோம், பாலிஷ் போட்டோம், விரிசலில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தோம், மரத்தை வெயில் படாமல் நிழலில் புரட்டிப் புரட்டிக் காய வைத்தோம். வாகை மரத்தூள் மூக்கில் ஏறினால் விடாமல் தும்மல் வரும். அடுப்படியில் தும்மிக்கொண்டே குழம்பு தாளித்த நாள் கணக்கில்லை. ஒன்றரை அடி பிள்ளையார் ஒன்றுக்குச் செதுக்க 12 நாள் ஆனால், தேய்த்து முடிக்க 4 நாள். அந்த 4 நாளுக்கு யாரும் கூலி எழுதினது கிடையாது. "வீட்டு வேலை"யோடு சேர்ந்து போய்விடும்.

நாட்டில் அப்போது கைத்தொழிலுக்கு ஒன்றும் செய்யாமல் இல்லை. 1952-இல் அகில இந்தியக் கைவினை வாரியம் வந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் கமலாதேவி சட்டோபாத்யாய், ஒரு பெண்மணி. 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி தொடங்கினார்கள். அங்கே மரச்சிற்பமும் பாடம். 1973-இல் பூம்புகார் நிறுவனம் வந்தது. ஆசாரி வீட்டில் பிறக்காதவரும் கற்கலாம், செய்ததை விற்க அரசு கடையும் உண்டு என்ற நிலைமை அப்படித்தான் உண்டானது. இருந்தாலும் பட்டறைக்குள்ளே நிலைமை மாறவில்லை. உளி இருக்கிற பெட்டியை நாங்கள் துடைத்து வைப்போம், திறந்து எடுக்கிறவர்கள் ஆம்பளைகள்.

நம்ம பக்க வரலாறு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில்தான், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களை அரசு தொடங்கியது. 1992-இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கியோடு இணைக்கிற வேலையைத் தொடங்கியது. அப்புறம் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்கப் பரவியது. எங்கள் தெருவில் 2003-இல் 15 பேர் சேர்ந்தோம். மாசம் 50 ரூபாய் சேமிப்பு. உறுப்பினர் பதிவேட்டில் "தொழில்" என்று ஒரு கட்டம் இருக்கும். எனக்கு "இல்லத்தரசி" என்று ஊக்குநர் எழுதினார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் வேறு எதை எழுதுவது என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் மகன் உளி எடுக்க மாட்டேன் என்று ஐ.டி.ஐ. முடித்துத் திருச்சிக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது; மாசம் பிறந்தால் சம்பளம். 2019-இல் கல்யாணம் செய்துவைத்தோம். மருமகள் பி.காம். படித்தவள். அவள் அப்பா பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர், பிறந்த வீட்டில் உளி வாசனையே கிடையாது. மறு வருஷம் கொரோனா. கோயில் எல்லாம் பூட்டு, தேர் இல்லை, ஆர்டர் இல்லை. வீட்டுக்காரர் தேர்த் திருப்பணி என்று ஊர் ஊராகப் போகிறவர், வீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஊரடங்கு தளர்ந்ததும் கட்டட வேலைக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கப் போனார். நானும் மருமகளும் குழு மூலமாக முகக்கவசம் தைத்தோம். அதே 2020 மே மாசம்தான் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் கூடவே கிடைத்தது. செய்தி வந்த அன்று எங்கள் பட்டறை பூட்டிக் கிடந்தது. பேர் வந்த நேரத்தில் வேலை இல்லை. (மறு வருஷம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் குறியீடு வந்தது. அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, ரொம்ப நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.)

திண்ணையில் அரைகுறையாகச் செதுக்கின மூன்று கட்டைகள் கிடந்தன. ஒருநாள் மருமகள் அதில் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தே, இத நாம முடிச்சா என்ன? மாமா வர வரைக்கும் இது இப்படியே கிடக்கணுமா?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. இருபத்தாறு வருஷமாக எனக்கு வராத கேள்வி, வந்து ஒரு வருஷத்தில் அவளுக்கு வந்துவிட்டது. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த மாமனார்தான் பதில் சொன்னார். அவருக்கு அப்போது 77 வயசு, கண்ணில் புரை. "முடிக்கலாம்மா. ஆனா அந்தக் கட்டையில இல்ல. மொதல்ல உளியத் தீட்டுங்க."

இரண்டு வாரம் வெறும் தீட்டல்தான். சாணைக்கல்லில் தண்ணி விட்டு, உளியின் சாய்வு மாறாமல், மணிக்கட்டை ஆட்டாமல் முன்னும் பின்னும். பட்டை உளிக்கு ஒரு மாதிரி, வாய் வளைந்த உளிக்கு ஒரு மாதிரி. மாமனார் கண்ணால் பார்க்க மாட்டார், பெருவிரலைக் குறுக்கே வைத்துத் தடவிப் பார்ப்பார். "இன்னும்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. மருமகள் பொறுமை இழந்து, "தாத்தா, இது கோச்சிங் கிளாஸ் மாதிரி இருக்கு, பரிச்சையே வர மாட்டேங்குது" என்று சிரித்தாள். நான் முப்பது வருஷம் அரிவாள்மனையில் காய் நறுக்கினவள். கூர் என்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். உளியின் கூர் வேறு. தலைமுடியை வைத்து ஊதினால் அறுக்க வேண்டும் என்பது மாமனார் கணக்கு.

அடுத்தது மரம். வைரம் எது, வெளிறு எது என்று கற்றுக்கொண்டோம். வாகையில் இது பச்சையாகத் தெரியும். நடுவில் கருத்த வைரம், சுற்றி வெளுத்த வெளிறு. வெளிற்றைப் பூச்சி தின்னும், அதனால் சிலையின் முகம் வைரத்தில் விழுகிற மாதிரி கட்டையைத் திருப்பி வைக்க வேண்டும். வேம்பைப் பூச்சி தொடாது. மாவிலங்கம் இளசாக வெட்டுப்படும், கற்றுக்கொள்கிறவர்களுக்கு நல்லது. எங்கள் பக்கத்து வேலையில் முக்கியம், சிலை ஒரே கட்டையில் வர வேண்டும். கையைத் தனியாக, தும்பிக்கையைத் தனியாகச் செய்து ஒட்டுகிற வேலை இல்லை. அதனால் ஈரம் காயாத கட்டையை எடுத்தால் பாதி வேலையில் விரிசல் விடும், ஒட்டுப் போட்டுத் தப்பிக்க முடியாது. மரத்தைக் காய வைக்கிற வேலையைப் பல வருஷம் செய்த எனக்கு, அது ஏன் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

முதல் வேலை தாமரை. ஒரு சாண் பலகையில் எட்டு இதழ். நார் ஓடுகிற பக்கம் உளி போனால் மரம் வெண்ணெய் மாதிரி வரும். எதிரே போனால் சில்லு பெயரும். ஒரே இதழில் ஒரு ஓரத்தை நுனியிலிருந்து நடுவுக்கும், மறு ஓரத்தை நடுவிலிருந்து நுனிக்கும் வெட்ட வேண்டி வரும். பலகையை நாங்கள் சுற்றி வருகிறோமா, பலகை எங்களைச் சுற்றி வருகிறதா என்று இருக்கும். வட்டத்தை எட்டாகப் பிரித்துக் கோடு போடச் சொன்னபோது மட்டும் மாமனார் அசந்துபோனார். நாங்கள் இருவரும் காம்பஸ் இல்லாமலே போட்டோம். வாசலில் தினமும் கோலம் போடுகிற கைதானே! "இத நான் ஆம்பளப் பசங்களுக்கு ஆறு மாசம் சொல்லிக் குடுத்தேன்" என்றார்.

உட்காருகிற முறைதான் பெரிய பேச்சானது. தரையில் உட்கார்ந்து கட்டையைப் பாதத்தால் அணைத்துப் பிடித்துக்கொண்டு செதுக்க வேண்டும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு திண்ணையில் அப்படி உட்கார எனக்குக் கூச்சம். மருமகள் சுடிதாரில் உட்கார்ந்துவிட்டாள். போகிறவர் வருகிறவர் எல்லாம், "பொம்பளைங்க சாமிக் கட்டைய கால்ல மிதிக்கிறாங்களே" என்றார்கள். ஆம்பளைகள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் பிடித்தார்கள், அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. மாமனார் கட்டிலில் இருந்தே, "கண்ணு தொறக்கற வரைக்கும் அது மரம்தாண்டா" என்று சத்தம் போட்ட பிறகுதான் பேச்சு அடங்கியது.

பிறகு பிள்ளையார். சிற்ப அளவில் தாளம் என்று ஒன்று உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாளம், அதை 12 அங்குலமாகப் பிரிப்பார்கள். இந்த அங்குலம் கடையில் விற்கிற டேப்பில் இருக்கிற இன்ச் இல்லை. சிலை சிறுசானால் அங்குலமும் சிறுசாகும். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தச தாளம், 124 அங்குலம். பிள்ளையாருக்கு ஐந்து தாளம். குள்ளமான உருவம், வயிறு பெருசு. ஆனால் சின்னச் சின்ன இடுக்கு வேலை நிறைய. மருமகள் சிலையின் உயரத்துக்கு ஒரு காகிதத் துண்டைக் கிழித்து மடித்து மடித்து அளவுக்கோல் ஆக்கிக்கொண்டாள். மாமனார் காலத்தில் தென்னை ஈர்க்குச்சியில் செய்ததைத்தான் இவள் காகிதத்தில் செய்கிறாள். நடுக்கோடு போட்டு, வாச்சியால் மேல் மரத்தைத் தள்ளி, பட்டை உளியால் வயிறும் தலையும் தனித்தனியாகப் பிரித்து, பிறகு சின்ன உளி. கண்ணு கடைசியில்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். அவள் கை என்னைவிட வேகமாகப் படிந்தது. ஒரே நாள் ஆரம்பித்தோம். மூன்றாம் மாசம் அவள் தும்பிக்கையின் சுருள் வரைக்கும் வந்துவிட்டாள், நான் இன்னும் பீடத்துத் தாமரையில் இருந்தேன். மாமியார் மனசு அதைச் சும்மா பார்த்துக்கொண்டு இருக்குமா? இரண்டு நாள் நான் பட்டறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, "அத்தே, நீங்க இழைச்சாத்தான் அந்த வயிறு வயிறா இருக்கு, எனக்கு வழுவழுன்னு வரல" என்றாள். உண்மைதான். உப்புத்தாளில் இருபத்தாறு வருஷம் பழகின விரலுக்கு மேடு பள்ளம் தெரியும். அன்றிலிருந்து உருவம் பிரிப்பது அவள், உடம்பு திரட்டுவது நான் என்று வேலை தானாகப் பிரிந்தது. ஆனாலும் முகம் மட்டும் இருவரும் தனித்தனியாகச் செய்யப் பழகுகிறோம். ஒருத்தி இல்லாவிட்டாலும் இன்னொருத்தியால் முழுச் சிலை முடிக்க முடிய வேண்டும், அதில் நான் கறார்.

சொந்த உளி வேண்டும் என்று குழுவில் 8,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். "மாடு வாங்குனா பால் வரும், உளி வாங்குனா என்ன வரும்?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி, குழுப் பணம் எல்லோருடைய பணம். மருமகள் நோட்டில் எழுதிக் காட்டினாள்: மரம் இவ்வளவு, எத்தனை நாள், விலை எவ்வளவு, தவணை எப்படி. தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்கினோம். பத்து மாசத்தில் அடைத்தோம். அன்றைக்குப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, "இல்லத்தரசி"யை அடித்துவிட்டு "மரச்சிற்பம்" என்று நானே எழுதினேன்.

வெளியே அது அவ்வளவு சுலபமாக இல்லை. கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில், "வீட்டுக்காரர் பேர்ல இருக்கே, உங்களுக்கு எதுக்குத் தனியா?" என்றார் ஒருவர். அட்டை ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை என்று மருமகள் மரியாதையாகவே சொன்னாள். செய்து காட்டச் சொன்னார்கள். பையிலிருந்து உளியும் கொட்டாப்புளியும் எடுத்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டோம். அரை மணி நேரத்தில் ஒரு இதழ். இரண்டு அட்டையும் வந்தது, அவரவர் பேரில்.

விலையில்தான் இன்னும் போராட்டம். வழக்கமாக வாங்குகிற வியாபாரி ஒருவர், "லேடீஸ் வேலைதானே, கொஞ்சம் கொறச்சுக்குங்க" என்றார். சிலையைக் கையில் கொடுத்து, எந்த இடம் பொம்பளை வேலை என்று காட்டச் சொன்னேன். அவரால் காட்ட முடியவில்லை. இப்போது நாங்கள் விலை சொல்லும்போது செதுக்கின நாளோடு தேய்த்த நாளையும் சேர்த்தே எழுதுகிறோம். வரும் பணத்தில் பாதி மருமகள் வங்கிக் கணக்குக்குப் போகிறது. வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார். இப்போது அவர் செய்கிற சிலைக்கும் தேய்ப்புக் கூலியைத் தனியாக எழுதுகிறார்.

புவிசார் குறியீட்டைப் பற்றிச் சகோதரிகள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஊருக்குக் குறியீடு வந்துவிட்டால் எல்லோருக்கும் தானாக உரிமை வந்துவிடாது. 1999-ஆம் வருஷச் சட்டப்படி, அந்தப் பேரைப் போட்டு விற்க நினைக்கிற உற்பத்தியாளர் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தன் பேரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு பத்து வருஷத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். அந்தப் பட்டியலில் பேர் இல்லாதவள் எத்தனை சிலை செய்தாலும், நாளைக்கு இந்தத் தொழிலின் வரலாறு எழுதுகிறவர் கண்ணில் பட மாட்டாள். நானும் மருமகளும் விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம். நெட்டி, பாய், கூடை, கைத்தறி என்று எந்த வேலை செய்கிறவர்களும் உங்கள் பொருளுக்கு இது உண்டா என்று விசாரியுங்கள்.

மாமனார் இப்போது இல்லை. போவதற்கு முன்னால் தன் உளிப்பெட்டியை மருமகளிடம் கொடுத்தார். எனக்குக் கொடுத்தது அவருடைய கொட்டாப்புளி. புளியமர வைரம், பிடிக்கிற இடம் அவர் கைக்குத் தேய்ந்து பள்ளம் விழுந்தது. என் கைக்கு அது கொஞ்சம் கனம். அதனால் அதைப் பெரிய மரம் தள்ளுகிற வேலைக்கு மட்டும் எடுக்கிறேன்.

கற்றுக்கொள்ள விருப்பம் உள்ள உறுப்பினர்கள், மகளோ மருமகளோ நாத்தனாரோ யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் எங்கள் திண்ணைக்கு வரலாம். தனியாக வந்தாலும் சரி. இரண்டு பேர் என்றால் ஒருத்தர் தீட்டும்போது இன்னொருத்தர் கட்டையைப் பிடித்துக்கொள்ளலாம், அதுக்குத்தான். உளி எங்களிடம் இருக்கிறது. மூக்கில் கட்ட ஒரு துணி மட்டும் கொண்டு வாருங்கள், இப்போது ஓடுகிறது வாகை.